ஹெட்ஃபோனும் ஆம்ப்பும்: இம்பீடன்ஸ் பொருத்தம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெட்ஃபோன் பெட்டியில் 32 ஓம், 80 ஓம், 300 ஓம் என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்கப் போனால் 'அவுட்புட் இம்பீடன்ஸ் 1 ஓமுக்குக் கீழ்' என்று இன்னொரு எண். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஏதாவது புகைந்துவிடுமோ என்ற பயத்தில்தான் பெரும்பாலான கேள்விகள் வருகின்றன. அதனால் புகையாது. புகையக்கூடிய இடங்கள் வேறு. அவற்றையும் கீழே சொல்லியிருக்கிறேன்.

இம்பீடன்ஸ் என்றால் சுருக்கமாக என்ன?

மாறுதிசை மின்னோட்டத்துக்கு ஹெட்ஃபோன் காட்டும் எதிர்ப்பு. அளப்பது ஓமில். சாதாரண மின்தடை போல இது ஒரே அளவில் நிற்காது, அதிர்வெண்ணுக்குத் தகுந்தபடி ஏறி இறங்கும். பெட்டியில் உள்ள எண் வழக்கமாக 1000 ஹெர்ட்ஸில் எடுத்தது. சென்ஹைசர் எச்டி 600-ஐ 300 ஓம் என்று விற்கிறார்கள். ஆனால் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில், அதன் சவ்வுக்கு ஒத்ததிர்வு வரும் இடத்தில், அது 500 ஓமைத் தாண்டிவிடும். பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு இந்த ஏற்ற இறக்கம்தான் காரணம்.

அப்படியானால் ஆம்ப்பின் 'அவுட்புட் இம்பீடன்ஸ்' எது?

கிணற்று மோட்டார் போட்டதும் வீட்டில் பல்பு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கம்பத்திலிருந்து வரும் லைனுக்குள்ளேயே கொஞ்சம் மின்தடை இருக்கிறது. இழுக்கும் மின்னோட்டம் கூடக் கூட, மின்னழுத்தத்தில் ஒரு பங்கு அந்த லைனிலேயே விழுந்துவிடுகிறது. ஆம்ப்புக்குள்ளும் இப்படி ஒரு மின்தடை ஒளிந்திருக்கிறது. அதுதான் அவுட்புட் இம்பீடன்ஸ்.

கணக்கும் எளிது. ஹெட்ஃபோனின் ஓமை, ஹெட்ஃபோன் ஓமும் ஆம்ப் ஓமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால், மின்னழுத்தத்தில் எத்தனை பங்கு ஹெட்ஃபோனுக்குப் போய்ச் சேருகிறது என்று தெரியும். ஆம்ப் 10 ஓம், ஹெட்ஃபோன் 32 ஓம் என்றால் 32-ஐ 42-ஆல் வகுக்க வேண்டும்: 76 விழுக்காடு. அதே ஆம்ப்பில் 300 ஓம் ஹெட்ஃபோனைச் செருகினால் 97 விழுக்காடு.

என் ஹெட்ஃபோன் 32 ஓம். ஆம்ப்பும் 32 ஓம் இருந்தால்தானே பொருத்தம்?

இல்லை. மூலத்தின் (இங்கே ஆம்ப்) மின்தடையும் சுமையின் (இங்கே ஹெட்ஃபோன்) மின்தடையும் சமமாக இருந்தால் உச்சபட்சத் திறன் கடத்தப்படும் என்று இயற்பியல் பாடத்தில் படித்ததைப் பலர் இங்கே கொண்டுவந்து பொருத்துகிறார்கள். அந்தத் தேற்றம் சரிதான், இடம்தான் தவறு. மூலத்தின் மின்தடையை உங்களால் மாற்ற முடியாதபோது எந்தச் சுமையைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு அது பதில் சொல்கிறது. ரேடியோ ஆன்டெனா வேலையில் அது உயிர்நாடி. இங்கே ஹெட்ஃபோன் ஏற்கெனவே கையில் இருக்கிறது. மூலத்தின் மின்தடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. 32-க்கு 32 போட்டால் பாதி மின்னழுத்தம் ஆம்ப்புக்குள்ளேயே வீணாகும், ஒலியின் குணமும் மாறலாம்.

'மேட்சிங்' என்று எல்லோரும் சொல்வதால் நானும் தலைப்பில் 'பொருத்தம்' என்று போட்டுவிட்டேன். எண்களைச் சமமாக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எட்டில் ஒரு பங்கு விதி என்கிறார்களே?

ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ், ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது விதி. 16 ஓம் இயர்ஃபோனுக்கு 2 ஓம், 32 ஓமுக்கு 4 ஓம், 300 ஓமுக்கு 37 ஓம் வரை போகலாம்.

எட்டு எங்கிருந்து வந்தது? எட்டில் ஒரு பங்கில் நின்றால் ஹெட்ஃபோனுக்கு ஒன்பதில் எட்டுப் பங்கு மின்னழுத்தம் கிடைக்கும். இழப்பு சுமார் 1 டெசிபல். அதற்கு மேல் ஏதோ ஓர் அதிர்வெண்ணில் இம்பீடன்ஸ் எவ்வளவுதான் ஏறினாலும், திரும்பக் கிடைக்கக்கூடியது அந்த 1 டெசிபல் மட்டுமே. அதாவது ஒலிச் சமநிலை அதற்கு மேல் வீங்க வழியில்லை. பெட்டியில் போட்ட எண்ணுக்குக் கீழே இம்பீடன்ஸ் இறங்கும் இயர்ஃபோன்களுக்கு மட்டும் இந்த உத்தரவாதம் போதாது.

இந்த விதியைப் பரப்பியதில் பெரும் பங்கு, 2011-இல் 'ஆப்ஜெக்டிவ் 2' என்ற ஆம்ப்பை வடிவமைத்து வரைபடத்தோடு இணையத்தில் இலவசமாக வெளியிட்டவருடையது. அவர் கடைசிவரை சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டே எழுதுவதையும் நிறுத்திவிட்டார். அவருடைய ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் அரை ஓம் அளவுதான்.

பழைய ஆம்ப்களில் 120 ஓம் இருக்கிறது. அது குறைபாடா?

அந்தக் காலத்து வழக்கம். 1996-இல் வந்த ஐஇசி 61938 என்ற சர்வதேசத் தரநிலையே 120 ஓமைப் பரிந்துரைத்தது. ஐரோப்பிய ஹெட்ஃபோன்கள் பலவும் அப்போது 250, 300, 600 ஓம் என்று இருந்தன. அவற்றுக்கு 120 பெரிய தொல்லையாக இல்லை. அதில் ஒரு பாதுகாப்பும் உண்டு: இடையில் 120 ஓம் நிற்பதால் எதைச் செருகினாலும் மின்னோட்டம் கட்டுக்குள் இருக்கும். இன்றைய 16, 32 ஓம் இயர்ஃபோனை அதில் செருகினால் எரியாது. ஒலிதான் இஷ்டத்துக்குப் போகும்.

ஒலி உண்மையிலேயே மாறுமா, இல்லை ஆடியோ பைத்தியங்கள் கிளப்பிவிட்ட கதையா?

மாறும். மல்டிமீட்டரிலேயே பார்க்கலாம். எவ்வளவு மாறும் என்பது ஹெட்ஃபோனைப் பொறுத்தது.

எச்டி 600 போன்ற ஒன்றை 120 ஓம் அவுட்புட்டில் போடுவோம். 1000 ஹெர்ட்ஸில் அது 300 ஓம், இழப்பு 2.9 டெசிபல். 100 ஹெர்ட்ஸ் பக்கம் 550 ஓம் என்று வைத்துக்கொண்டால் இழப்பு 1.7 டெசிபல் மட்டுமே. ஆக, மற்ற இடங்களைவிட பேஸ் 1.2 டெசிபல் தூக்கலாகக் கேட்கும். 'வால்வு ஆம்ப்பில் என் சென்ஹைசர் கதகதப்பாக ஒலிக்கிறது' என்று, டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வு வைத்த ஆம்ப்பைப் பற்றிச் சிலர் சொல்வதில் கணிசமான பகுதி இதுதான். பிடித்திருந்தால் தாராளமாகக் கேளுங்கள்.

பேலன்ஸ்டு ஆர்மச்சர் என்ற வகை டிரைவர்கள் (ஒலியெழுப்பும் பாகங்கள்) கொண்ட இயர்ஃபோன்களின் கதை வேறு. ஒரு சிறிய கூட்டுக்குள் நான்கைந்து டிரைவர்களையும் அவற்றுக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரையும் அடைத்திருப்பார்கள். அதனால் இம்பீடன்ஸ் கோடு மலைத்தொடர் போல வரும். ஓர் அதிர்வெண்ணில் 6 ஓம், இன்னொன்றில் 16 ஓம் என்று இருக்கும் ஓர் இயர்ஃபோனை 10 ஓம் அவுட்புட்டில் செருகினால், முதல் இடத்தில் இழப்பு 8.5 டெசிபல், இரண்டாவது இடத்தில் 4.2. இடையே 4 டெசிபலுக்கு மேல் கோணல். குரல் பின்வாங்கலாம், அல்லது உச்சஸ்தாயி காதைக் குத்தலாம். ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கியதை 'சரியில்லை' என்று விற்பதற்கு முன் வேறு மூலத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இதைத் தெரிந்தே பயன்படுத்தியவர்களும் உண்டு. எடிமோட்டிக் நிறுவனம் இஆர்4பி, இஆர்4எஸ் என்று இரண்டு மாடல்களை விற்றது. முதலாவதன் கேபிளில் 75 ஓம் ரெசிஸ்டர் கொண்ட ஒரு துண்டைச் சேர்த்தால் அது இரண்டாவதாகிவிடும். ரெசிஸ்டரே அங்கே ஈக்வலைசர்.

பிளேனர் ஹெட்ஃபோன்களுக்கும் இந்தக் கவலை உண்டா?

ஒலி மாறும் கவலை இல்லை. பிளேனர் மேக்னெட்டிக் டிரைவரின் (காந்தங்களுக்கு அருகில் தட்டையான மெல்லிய சவ்வு வைத்த வகை) இம்பீடன்ஸ் கிட்டத்தட்ட நேர்கோடு. அவுட்புட் இம்பீடன்ஸ் கூடினால் எல்லா அதிர்வெண்ணும் ஒரே அளவில் குறையும், அவ்வளவுதான். அவற்றின் பிரச்சினை பசி: மின்னோட்டம் நிறையக் கேட்கும்.

நேரடியாகச் சொல்லுங்கள். எந்தச் சேர்க்கையில் எது எரியும்?

300 ஓம் ஹெட்ஃபோனைக் கைப்பேசியில் செருகினால் எதுவும் எரியாது. சத்தம் குறைவாக இருக்கும். சத்தம் குறைவாகப் பதிவான பழைய கச்சேரி என்றால் ரொம்பவே குறைவாக இருக்கும்.

32 ஓம் ஹெட்ஃபோனை '300 ஓமுக்கு' என்று விளம்பரப்படுத்திய ஆம்ப்பில் செருகினால், வால்யூம் கீழே இருக்கும்வரை எதுவும் எரியாது.

1 ஓம் ஆம்ப்பில் 600 ஓம் ஹெட்ஃபோன் போட்டால் வித்தியாசம் 599 ஓம் என்று பயந்து எழுதுகிறார்கள். அதைவிடப் பாதுகாப்பான சேர்க்கை கிடையாது. ஆம்ப்புக்குச் சுமையே இல்லை.

8, 9 ஓம் இயர்ஃபோனைப் பலவீனமான ஆம்ப்பில் செருகினால் ஆம்ப் திணறும், சத்தத்தைக் கூட்டும்போது ஒலி கிழியும். பெரும்பாலான நவீன சிப்களில் பாதுகாப்பு இருப்பதால் ஆம்ப் சாகாது.

பாருங்கள், எரிப்பது இம்பீடன்ஸ் வித்தியாசம் அல்ல. எரிப்பது அளவுக்கு மீறிய மின்னழுத்தம். அது வரும் வழிகள் மூன்று: வால்யூம் குமிழ், தவறான இடத்தில் செருகப்பட்ட பிளக், பழுதான ஆம்ப்.

சரி, என் ஹெட்ஃபோனுக்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இம்பீடன்ஸ் மட்டும் போதாது, சென்சிட்டிவிட்டியும் வேண்டும். 1 மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பதுதான் அது. உச்சத்தில் 110 டெசிபல் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இசையின் திடீர் உச்சங்களுக்கு மட்டும்தான் அது, சராசரிக்கு அல்ல. 96 டெசிபல் சென்சிட்டிவிட்டி என்றால் இன்னும் 14 டெசிபல் வேண்டும். அதற்கு 25 மில்லிவாட். திறனை இம்பீடன்ஸால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் மின்னழுத்தம் வரும்.

பேயர்டைனமிக் ஹெட்ஃபோன்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, ஏனென்றால் ஒரே குடும்பத்தைப் பல இம்பீடன்ஸ்களில் விற்கிறார்கள். 96 டெசிபல் என்றே கொண்டால் 32 ஓம் வகைக்கு 0.9 வோல்ட், 80 ஓமுக்கு 1.4, 250 ஓமுக்கு 2.5, 600 ஓமுக்கு 3.9 வோல்ட். நான்கிலும் திறன் அதே 25 மில்லிவாட்தான். 600 ஓம் 'அதிக சக்தி தின்னும்' என்பது தவறு. அது வோல்ட் அதிகம் கேட்கும், மின்னோட்டம் குறைவாக எடுக்கும்.

இப்போது இரண்டு ஓரங்களைப் பாருங்கள். ஹைஃபைமேன் எச்இ6 வெறும் 50 ஓம்தான், ஆனால் சென்சிட்டிவிட்டி 83.5 டெசிபல். அதே 110-க்கு 450 மில்லிவாட், அதாவது 4.7 வோல்ட் தேவை. 50 ஓம் என்பதைப் பார்த்து 'கைப்பேசியே போதும்' என்று நினைத்தால் ஏமாற்றம்தான். எதிர் ஓரத்தில் ஷூர் எஸ்இ846: 9 ஓம், 114 டெசிபல். அதற்கு 110 டெசிபல் வர 0.06 வோல்ட் போதும். 1 வோல்ட் கொடுத்தால் கணக்குப்படி 134 டெசிபல்.

எச்இ6-க்காக வைத்திருக்கும் ஆம்ப்பில், குமிழைக் குறைக்காமல் எஸ்இ846-ஐக் காதில் மாட்டிக்கொண்டு பாட்டைப் போட்டால் என்ன ஆகும் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை. நான் பார்த்தவரை, மேசை ஆம்ப் வைத்திருப்பவர்களின் காதுக்கு நிஜமான அபாயம் இது ஒன்றுதான்.

சிலர் சென்சிட்டிவிட்டியை ஒரு வோல்ட்டுக்கு இவ்வளவு என்று போடுகிறார்களே?

இரண்டையும் கலந்து ஒப்பிட்டுவிடாதீர்கள். 1000-ஐ இம்பீடன்ஸால் வகுத்தால் 1 வோல்ட்டுக்கு எத்தனை மில்லிவாட் என்று வரும். அதை டெசிபலாக்கிக் கூட்டிக்கொள்ளுங்கள். 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு 15 கூட்ட வேண்டும், 300 ஓமுக்கு 5. எச்டி 650-க்கு சென்ஹைசர் தரும் 103 டெசிபல், 1 வோல்ட்டுக்கானது. அதை மற்றவர்களின் மில்லிவாட் எண்ணோடு வைத்துப் பார்த்து 'அடேயப்பா' என்பவர்கள் நிறைய.

காதுக்கு எது பாதுகாப்பான அளவு?

உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்வது, வாரத்துக்கு 40 மணி நேரம், சராசரி 80 டெசிபல். குழந்தைகளுக்கு 75. சத்தம் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும்: 83-க்கு 20 மணி நேரம், 89-க்கு வாரம் முழுவதற்கும் 5 மணி நேரம்தான். ஹெட்ஃபோன் எரிந்தால் டிரைவர் மாற்றலாம். உள்காதின் மயிர்செல்கள் போனால் திரும்ப முளைக்காது.

செருகும்போது எந்த வரிசையைப் பின்பற்ற வேண்டும்?

வால்யூமைக் கீழே இறக்கு, கெயின் சுவிட்சை (ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்பதற்கானது) குறைவில் வை, ஆம்ப்பைப் போடு, சில நொடி விடு, ஹெட்ஃபோனைச் செருகு, பாட்டைப் போடு, பிறகு காதில் மாட்டு, கடைசியில் வால்யூமை ஏற்று. அணைக்கும்போது முதலில் ஹெட்ஃபோனைக் கழற்று. சில ஆம்ப்களில் போடும்போதும் அணைக்கும்போதும் 'டொப்' என்று ஒரு சத்தம் வரும். ரிலே வைத்த ஆம்ப் என்றால் கொஞ்சம் தாமதித்து 'க்ளிக்' என்ற பிறகுதான் ஒலி வரும், அந்த டொப் காதுக்கு எட்டாது.

கெயின் சுவிட்சைக் கூடுதலில் வைத்தால் ஒலித்தரம் கூடும் என்பது உண்மையல்ல. குறைந்த கெயினில் குமிழுக்குச் சுற்ற இடம் கிடைக்கும், இரைச்சலும் குறையும்.

பேலன்ஸ்டு ஆம்ப்பில் சாதாரண ஹெட்ஃபோனை அடாப்டர் வைத்துச் செருகலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வையுங்கள்.

பேலன்ஸ்டு அவுட்புட்டில் நான்கு முனைகள்: இடது பிளஸ், இடது மைனஸ், வலது பிளஸ், வலது மைனஸ். அந்த மைனஸ் முனைகள் கிரவுண்ட் அல்ல. அவையும் தனித்தனி ஆம்ப்களால் இயக்கப்படுபவை. சாதாரண 3.5 அல்லது 6.3 மில்லிமீட்டர் ஹெட்ஃபோன் பின்னில் இரண்டு மைனஸும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அடாப்டர் மூலம் அதைப் பேலன்ஸ்டு ஜாக்கில் செருகினால் இரண்டு ஆம்ப்களின் வாய்களை நேராக ஷார்ட் செய்தது போலாகும். பாதுகாப்புச் சுற்று இருந்தால் அணைந்துகொள்ளும், இல்லாவிட்டால் அவுட்புட் ஸ்டேஜ் போகும். பேலன்ஸ்டு ஜாக்குகள் 4.4 அல்லது 2.5 மில்லிமீட்டரிலோ, நான்கு பின் எக்ஸ்எல்ஆராகவோ இருக்கும். இவற்றை ஆண் முனையாகவும் 3.5-ஐப் பெண் முனையாகவும் கொண்ட அடாப்டர்கள் கடையில் தாராளமாகக் கிடைக்கின்றன. விற்பதாலேயே அது சரியாகிவிடாது.

எதிர்த்திசை பாதுகாப்பானது. பேலன்ஸ்டு கேபிள் கொண்ட ஹெட்ஃபோனைச் சாதாரண ஜாக்கில் அடாப்டர் வைத்துச் செருகலாம்.

ஸ்பீக்கர் ஆம்ப்பின் முனைகளில் நேரடியாக இணைத்தால்?

8 ஓமில் 50 வாட் தரும் ஆம்ப் 20 வோல்ட் வரை போகும். 80 ஓம் பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ ஹெட்ஃபோன் அதில் 5 வாட் வாங்கும். தயாரிப்பாளர் அதற்குச் சொல்லியிருக்கும் தாங்கும் திறன் 100 மில்லிவாட். ஐம்பது மடங்கு. குமிழில் ஒரு தவறு போதும்.

அதற்கு மேல், இன்று மலிவாகக் கிடைக்கும் கிளாஸ் டி ஆம்ப்களில் பெரும்பாலானவற்றில் ஸ்பீக்கரின் கறுப்பு முனை கிரவுண்ட் அல்ல. மேலே சொன்ன அதே ஷார்ட் இங்கேயும் நடக்கும். எச்இ6 வைத்திருப்பவர்கள் ஸ்பீக்கர் ஆம்ப் பயன்படுத்துவது உண்மைதான். நான்கு கம்பி கேபிளும் இடையில் ரெசிஸ்டர் பெட்டியும் வைத்து, என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்கிறார்கள்.

அதே ஆம்ப்பின் முகப்பில் உள்ள ஹெட்ஃபோன் ஜாக்?

செருகலாம். பழைய ரிசீவர்களில் ஸ்பீக்கர் அவுட்புட்டையே 220 முதல் 470 ஓம் வரையிலான ரெசிஸ்டர் வழியாக அந்த ஜாக்குக்குக் கொடுத்திருப்பார்கள். எரிக்காது. 250 ஓமுக்கு மேற்பட்ட ஹெட்ஃபோன்களும் பிளேனர்களும் அதில் நன்றாகவே பாடும். ஆர்மச்சர் இயர்ஃபோன்களை அதில் போட வேண்டாம்.

வால்வு ஆம்ப் வாங்க ஆசை. என்ன கவனிக்க வேண்டும்?

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வகை என்றால் அவுட்புட் இம்பீடன்ஸ் பல பத்து ஓம்களில், சிலவற்றில் 100-க்கு மேலும் இருக்கும். 250, 300, 600 ஓம் ஹெட்ஃபோன்களுக்கு அது இயல்பான ஜோடி. 32 ஓமை அதில் போட்டால் எரியாது, ஆனால் திரிபு கூடும், பேஸ் தளரும்.

பாதுகாப்புக்கு வருவோம். அந்த வால்வுகளின் வாயில் நூறு வோல்ட் அளவில் நேர்மின்னழுத்தம் நிற்கிறது. அதை உங்கள் ஹெட்ஃபோனிலிருந்து பிரித்து வைப்பது ஒரே ஒரு கப்பாசிட்டர். ஆம்ப்பைப் போட்டதும் அது சார்ஜ் ஆகும்போது ஓர் உதறல் வரும். அதனால் முதலில் போட்டு, ஒரு நிமிடம் சூடேற விட்டு, வால்யூம் பூஜ்யத்தில் இருக்கும்போது செருகுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள சில ஆம்ப்களைச் சுமையில்லாமல் இயக்கக்கூடாது என்பார்கள், கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பல பத்தாண்டுப் பழைய ஆம்ப் என்றால் அந்தக் கப்பாசிட்டரை மாற்றாமல் எந்த ஹெட்ஃபோனையும் செருக மாட்டேன்.

கப்பாசிட்டர் பேஸையும் தீர்மானிக்கும். 100 மைக்ரோஃபேரட் என்றால் 32 ஓம் ஹெட்ஃபோனில் 50 ஹெர்ட்ஸிலிருந்தே ஒலி சரியத் தொடங்கும். 300 ஓமில் அந்த எல்லை 5 ஹெர்ட்ஸ்.

வாங்கிய செகண்ட் ஹேண்ட் ஆம்ப் நல்ல நிலையில் இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வையுங்கள். பாட்டு இல்லாமல் ஆம்ப்பைப் போட்டு, ஜாக்கில் ஒரு வெற்றுப் பின்னைச் செருகி, அதன் நுனிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே அளங்கள். பிறகு நடு வளையத்துக்கும் அடிப்பகுதிக்கும். 10 மில்லிவோல்ட்டுக்குள் என்றால் கவலை இல்லை. 50-ஐத் தாண்டினால் எனக்குச் சந்தேகம் வரும், 100-ஐத் தாண்டினால் செருக மாட்டேன். 100 மில்லிவோல்ட் 32 ஓமில் மூன்றில் ஒரு பங்கு மில்லிவாட்கூட இல்லை, அது எதையும் எரிக்காது. ஆனால் அவ்வளவு விலகியிருக்கும் ஆம்ப்புக்குள் ஏதோ ஒன்று கெட்டுக்கொண்டிருக்கிறது. நாளை அதே ஆம்ப் 5 வோல்ட் டிசி கொடுத்தால் முக்கால் வாட் சூடு நேராக, சவ்வை அசைக்கும் வாய்ஸ் காயிலுக்குப் போகும்.

அவுட்புட் இம்பீடன்ஸைத் தயாரிப்பாளர் சொல்லவில்லை. வீட்டில் அளக்க முடியுமா?

முடியும். ஒரு 33 ஓம் ரெசிஸ்டர் போதும், எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். 100 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஓட விட்டு, சுமை இல்லாமல் ஏசி மின்னழுத்தத்தை அளங்கள். அரை வோல்ட் அளவுக்கு வால்யூமை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நுனிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே ரெசிஸ்டரை இணைத்து, குமிழைத் தொடாமல் மறுபடி அளங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து, ஒன்றைக் கழித்து, 33-ஆல் பெருக்குங்கள். 0.50 வோல்ட் 0.40 ஆக இறங்கினால் விடை 8.25 ஓம். இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தால் 1 ஓமுக்குக் கீழ் என்று வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் துல்லியம் சாதாரண மீட்டரில் வராது.

கைப்பேசியும் லேப்டாப்பும் ஹெட்ஃபோனின் ஓமைத் தாமாகவே கண்டுபிடிக்குமாமே?

சில கண்டுபிடிக்கும். 2021-இல் வந்த 14, 16 அங்குல மேக்புக் ப்ரோவின் ஜாக், 150 ஓமுக்குக் கீழ் இருந்தால் 1.25 வோல்ட் வரையும், அதற்கு மேல் இருந்தால் 3 வோல்ட் வரையும் தரும் என்று ஆப்பிளே சொல்கிறது. எல்ஜி வி30 கைப்பேசியிலும் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. அந்தக் கைப்பேசி பின்னைச் செருகும் கணத்தில்தான் ஓமைப் பார்க்கிறது. 300 ஓம் ஹெட்ஃபோனை நீட்டிப்பு கேபிளோடு செருகி, பிறகு கேபிளை அப்படியே விட்டுவிட்டு மறுமுனையில் இயர்ஃபோனை மாற்றினால், அது இன்னும் பழைய மின்னழுத்தத்திலேயே இருக்கலாம். முழுதாகக் கழற்றிச் செருகுங்கள்.

யூஎஸ்பி-சி டாங்கிள்களைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆப்பிளின் சிறிய டாங்கிள் அமெரிக்க வகையில் 1 வோல்ட், ஐரோப்பிய வகையில் அதில் பாதி. அவுட்புட் இம்பீடன்ஸ் 1 ஓமை ஒட்டித்தான். 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு அதைவிடப் பெரிதாக எதுவும் வேண்டியதில்லை.

இயர்ஃபோனில் பாட்டு இல்லாதபோதும் 'உஸ்ஸ்' என்று இரைகிறது.

ஆம்ப்பின் இரைச்சல். உங்கள் இயர்ஃபோனின் சென்சிட்டிவிட்டி அதிகம் என்பதால் கேட்கிறது. ஆபத்தில்லை. தொடரில் ஒரு 10 ஓம் ரெசிஸ்டர், இயர்ஃபோனுக்குக் குறுக்கே 1 ஓம் ரெசிஸ்டர், இரு பக்கத்துக்கும் ஒவ்வொரு ஜோடி: சத்தமும் இரைச்சலும் சேர்ந்து 20 டெசிபல் இறங்கும், இயர்ஃபோன் பார்க்கும் அவுட்புட் இம்பீடன்ஸும் 1 ஓமுக்குள் வந்துவிடும். ஆம்ப்புக்கு இது 11 ஓம் சுமை, மேசை ஆம்ப் தாங்கும். வெறுமனே தொடரில் ஒரு பெரிய ரெசிஸ்டரை மட்டும் போட்டால் இரைச்சல் போகும், கூடவே ஒலிச் சமநிலையும் போகும்.

ஒரே ஜாக்கில் இரண்டு ஹெட்ஃபோன் போடலாமா?

ஸ்ப்ளிட்டரில் போடலாம். இரண்டு 32 ஓம் சேர்ந்து 16 ஓம் சுமையாகும். சென்சிட்டிவிட்டி வேறு வேறு என்றால் ஒருவருக்குச் சத்தம் போதாது, மற்றவருக்கு அதிகம். குழந்தை ஒரு முனையில் இருந்தால் அவர்களுக்குத் தகுந்தபடி வையுங்கள்.

ஸ்டாக்ஸ் போன்ற எலக்ட்ரோஸ்டாடிக் (நிலைமின் விசையில் இயங்கும்) ஹெட்ஃபோன்?

அதற்குரிய ஆம்ப் இல்லாமல் தொடவே வேண்டாம். ப்ரோ வகைக்கு 580 வோல்ட் பயாஸ் (எப்போதும் நிற்கும் மின்னழுத்தம்) வேண்டும். இந்தப் பக்கத்தில் உள்ள எந்தக் கணக்கும் அதற்குப் பொருந்தாது.

நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோனைக் கேபிளில் கேட்டால்?

சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 பவர் போட்டிருக்கும்போது 40 ஓம், அணைத்தால் 16 ஓம். போட்டிருக்கும்போது உள்ளே இருக்கும் ஆம்ப்தான் டிரைவரை இயக்குகிறது. வெளியே நீங்கள் வாங்கி வைத்த பெரிய ஆம்ப்புக்கு அங்கே வேலை இல்லை.

ஆம்ப்பின் உலோக உடலைத் தொட்டால் விறுவிறு என்கிறது. ஹெட்ஃபோன் வழியாக ஷாக் அடிக்குமா?

இரண்டு பின் அடாப்டர்களில் இது சகஜம். இரைச்சலை வடிகட்டும் சிறிய கப்பாசிட்டர் வழியாக மிகக் குறைந்த மின்னோட்டம் கசிகிறது. எர்த் உள்ள மூன்று பின் அடாப்டருக்கு மாறினால் போய்விடும். விறுவிறுப்பைத் தாண்டிச் சுரீர் என்று அடித்தால் அது கசிவல்ல. அடாப்டரைக் கழற்றித் தூர வையுங்கள்.

கடைசியாக: எனக்கு ஆம்ப் தேவையா?

இப்போது வைத்திருக்கும் கருவியில் வழக்கமாகக் கேட்கும் பாட்டை எந்த அளவில் வைக்கிறீர்கள்? முக்கால்வாசிக்குள் போதுமான சத்தம் கிடைத்து, ஒலியும் கிழியாமல் இருந்தால் தேவையில்லை. முழுதாக ஏற்றியும் போதவில்லை என்றால் உங்கள் ஹெட்ஃபோனுக்கு வேண்டிய வோல்ட்டை மேலே சொன்னபடி கணக்கிட்டு, அதைத் தரும், அவுட்புட் இம்பீடன்ஸ் 1 ஓமுக்குள் இருக்கும் ஆம்ப் எதையாவது வாங்குங்கள். வாட் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டாம். 32 ஓமில் 4 வாட் என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள், 300 ஓமில் எவ்வளவு என்று தேடினால் பாதி நேரம் சொல்லியிருக்கவே மாட்டார்கள்.